கார் விற்றவருக்கு டிப்ஸ் கொடுக்கலாமா? அமெரிக்க டீலர்ஷிப்பில் அவர் வருமானம் எங்கிருந்து வருகிறது

வேண்டாம். அமெரிக்காவில் கார் விற்பவருக்கு டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை, அவரும் எதிர்பார்ப்பதில்லை. ரெஸ்டாரன்ட், முடிவெட்டும் கடை, டாக்சி, காபிக் கடையில் திருப்பிக் காட்டும் டேப்லெட் என்று போகிற இடமெல்லாம் 18, 20, 25 சதவீதம் பார்த்துப் பழகியவர்களுக்கு, நாலு மணி நேரம் கூடவே நின்று கார் காட்டியவரிடம் வெறுமனே கைகுலுக்கிவிட்டு வருவது கொஞ்சம் உறுத்தும். அவசியமில்லாத உறுத்தல். அவருடைய பங்கு நீங்கள் கையெழுத்துப் போட்ட விலைக்குள்ளேயே இருக்கிறது. அது எவ்வளவு, எந்த வழியாக அவர் கைக்குப் போகிறது என்று தெரிந்தால் பேரம் பேசுவதும் சுலபமாகும்.

சட்டம் அவரை எங்கே வைத்திருக்கிறது

மாதம் 30 டாலருக்கு மேல் வழக்கமாக டிப்ஸ் கிடைக்கும் வேலைகளுக்கு மத்திய தொழிலாளர் சட்டத்தில் தனி ஏற்பாடு உண்டு. முதலாளி மணிக்கு 2.13 டாலர் மட்டும் கொடுத்துவிட்டு, குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலர் வரையிலான மீதியை டிப்ஸ் கணக்கில் நேர் செய்துகொள்ளலாம். சில மாநிலங்கள் இதை ஏற்பதில்லை; ஏற்கும் மாநிலங்களில், நீங்கள் டிப்ஸ் கொடுக்காமல் போனால் சர்வரின் வருமானத்தில் நேரடியாகத் துண்டு விழும்.

கார் விற்பனையாளர் இந்த ஏற்பாட்டுக்குள் வருவதில்லை. அவருக்கு வேறொரு விதி, அது அவ்வளவு சாதகமானதும் அல்ல. டீலர்ஷிப்பில் வண்டி விற்பவர், உதிரிபாகப் பிரிவில் இருப்பவர், மெக்கானிக் ஆகியோருக்கு வாரம் 40 மணி நேரத்தைத் தாண்டினாலும் ஓவர்டைம் கொடுக்கவேண்டியதில்லை என்று அதே சட்டம் சொல்கிறது. சர்வீஸ் கவுன்ட்டரில் வண்டியை வாங்கிக்கொள்ளும் ஆலோசகருக்கும் இது பொருந்தும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும். சனிக்கிழமை முழுக்க நின்றுகொண்டே இருக்கும் அந்த மனிதருக்கு நேரத்துக்குக் காசு இல்லை, விற்றால்தான் காசு. உங்களோடு செலவழித்த நாலு மணி நேரமும் அவர் வைத்த பந்தயம்.

கமிஷன் எதன் மேல் கணக்காகிறது

காரின் விலையில் இத்தனை சதவீதம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பெரும்பாலான டீலர்ஷிப்களில் கமிஷன் லாபத்தின் மேல்தான், அதுவும் முழு லாபத்தின் மேல் அல்ல. விற்ற விலையிலிருந்து இன்வாய்ஸ் விலையை, அதாவது தயாரிப்பு நிறுவனம் டீலருக்குப் போட்ட பில் விலையை, கழிப்பார்கள். பிறகு ‘பேக்’ என்று ஒரு தொகையைக் கழிப்பார்கள். இடம், விளம்பரம், வண்டியைக் கழுவித் துடைப்பது போன்ற செலவுகளுக்காக என்று டீலர் தனக்கு ஒதுக்கிக்கொள்வது இது. எவ்வளவு என்பது அந்தந்த டீலரின் இஷ்டம். மிஞ்சியதில் ஏறக்குறைய கால் பங்கு விற்பனையாளருக்கு. 20 முதல் 30 சதவீதம் வரை இடத்துக்கு இடம் மாறும்.

இன்வாய்ஸுக்குக் கீழேயும் டீலருக்குப் பணம் இருக்கிறது. வண்டி விற்ற பிறகு தயாரிப்பு நிறுவனம் திருப்பித் தரும் ‘ஹோல்ட்பேக்’ அதில் ஒன்று. பல பிராண்டுகளில் அது 2, 3 சதவீதம் அளவில் இருக்கும். விற்பனையாளரின் கமிஷன் கணக்கில் இது வழக்கமாகச் சேராது. அதனால் “இன்வாய்ஸுக்கே கொடுத்துவிட்டோம், எங்களுக்கு ஒன்றுமே நிற்கவில்லை” என்று அவர் சொல்லும்போது தன் பங்கைப் பொறுத்தவரை உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கலாம், டீலருக்கு நின்றிருந்தாலும். டாக்குமென்ட் கட்டணம் என்று நூற்றுக்கணக்கில் போடுகிறார்களே, பெரும்பாலும் அதிலும் அவருக்குப் பங்கு கிடையாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். ஸ்டிக்கர் விலை (வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலை) 34,000 டாலர், இன்வாய்ஸ் 32,200, பேக் 500, கமிஷன் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பேரமே பேசாமல் ஸ்டிக்கர் விலைக்கு வாங்கினால் 1,800-ல் 500 போக 1,300. அதில் கால் பங்கு, 325 டாலர் அவருக்கு. நீங்கள் பேசிப் பேசி 32,900-க்குக் கொண்டுவந்தால் 700-ல் 500 போக 200. கால் பங்கு 50 டாலர்.

ஆனால் 50 டாலருக்காக யாரும் அரை நாள் நிற்கமாட்டார்கள் என்பதால் ‘மினி’ இருக்கிறது. லாபம் எவ்வளவு குறைந்தாலும், ஏன், நஷ்டத்துக்கே விற்றாலும், ஒரு வண்டிக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு என்று நிர்ணயித்த தொகை. 100 டாலரிலிருந்து சில நூறு வரை இருக்கும். நம் உதாரணத்தில் 150 என்று வைத்தால் அவருக்கு 50-க்குப் பதில் 150 கிடைக்கும். நீங்கள் மிச்சம் பிடித்தது 1,100 டாலர், அவர் இழந்தது 175.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. விலை மினிக்குள் இறங்கிவிட்ட பிறகு, இன்னும் 300 டாலர் குறைந்தாலும் விற்பனையாளருக்கு ஒரு காசு நஷ்டமில்லை. அதற்கப்புறம் அவர் கவலையெல்லாம் நீங்கள் எழுந்து போய்விடக் கூடாது என்பதுதான். கடைசி நேரத்தில் அவரே மேனேஜரிடம் போய் உங்களுக்காக வாதாடுவதற்கும் அதுதான் காரணம். விலையை ஒத்துக்கொள்ளும் அதிகாரம் எப்படியும் அவரிடம் இல்லை. உள்ளே உட்கார்ந்திருக்கும் சேல்ஸ் மேனேஜரிடம்தான். விற்பனையாளருக்கு முன்கூட்டியே பணம் கொடுத்து விலையைக் குறைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

எண்ணிக்கையில்தான் பணம்

இன்றைக்கு இன்வாய்ஸ் விலை எல்லோருக்கும் இணையத்தில் தெரியும் என்பதால் ஒரு வண்டியில் கிடைக்கும் லாபம் சுருங்கிவிட்டது. விற்பனையாளரின் வருமானத்தில் பெரிய பங்கு இப்போது எண்ணிக்கைக்கான போனஸ். மாதம் 8 வண்டி வரை கூடுதலாக ஒன்றுமில்லை, 10 விற்றால் ஒரு தொகை, 12 விற்றால் அதைவிடப் பெரிய தொகை என்று படிப்படியாக இருக்கும். சில இடங்களில் படியைத் தாண்டியதும் முதல் வண்டியிலிருந்தே கூடுதல் விகிதத்தில் கணக்குப் போடுவார்கள். 9 வண்டி விற்று நிற்பவருக்கு உங்கள் கார் வெறும் 150 டாலர் அல்ல. போனஸோடு சேர்த்து அதைப்போல நாலைந்து மடங்காக இருக்கலாம்.

டீலருக்கும் தயாரிப்பு நிறுவனம் இதேபோல் இலக்கு வைத்திருக்கும். மாதக் கடைசியில் பேரம் படியும் என்பதன் காரணம் இந்த இரண்டும்தான். ஆனால் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் படியும் என்று நம்பிப் போகாதீர்கள். 20-ம் தேதியே இலக்கை முடித்துவிட்ட டீலர் 30-ம் தேதி எதற்காக இறங்கி வர வேண்டும்?

இவை போக ‘ஸ்பிஃப்’ என்று சின்னச் சின்ன ஊக்கத்தொகைகள் உண்டு. ரொம்ப நாளாக நிற்கிற வண்டியை விற்றால் டீலர் கொடுப்பது ஒரு வகை. குறிப்பிட்ட மாடலுக்குத் தயாரிப்பு நிறுவனமே விற்பனையாளருக்கு நேராக அனுப்புவது இன்னொரு வகை. நீங்கள் கேட்ட நிறத்தை விட்டுவிட்டுப் பக்கத்து வண்டியைத் திரும்பத் திரும்பக் காட்டினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வியாபாரம் படுத்த மாதத்துக்கு ‘டிரா’ இருக்கிறது. இது சம்பளம் மாதிரித் தெரியும், ஆனால் முன்பணம். மாதம் 2,000 டாலர் டிரா வாங்கியவர் 1,400 டாலர் கமிஷன்தான் ஈட்டினார் என்றால் 600 டாலர் கடன் அடுத்த மாதக் கணக்கில் ஏறும். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இவருக்கும் உண்டு என்பதால் அதற்குக் கீழே போகக் கூடாது. ஆனாலும் இரண்டு மோசமான மாதங்கள் சேர்ந்தாற்போல் வந்தால், பலர் வேலையை விட்டுப் போவது இந்தக் கடன் துரத்துவதால்தான்.

கடைசி அறையில் இருப்பவர் வேறு ஆள்

விலை முடிந்ததும் உங்களை இன்னொரு அறைக்கு அனுப்புவார்கள். அங்கே இருப்பவர் ஃபைனான்ஸ் மேனேஜர். அவருக்கும் கமிஷன்தான், ஆனால் வண்டியின் மேல் அல்ல. கடன் வட்டி, நீட்டித்த வாரன்ட்டி, கேப் இன்ஷூரன்ஸ் (வண்டி முழுதாகச் சேதமானால், காப்பீட்டுத் தொகைக்கும் கடன் பாக்கிக்கும் உள்ள இடைவெளியை ஈடுகட்டுவது), பெயின்ட் பாதுகாப்பு இவற்றின் மேல். வங்கி உங்களுக்கு 6 சதவீதம் என்று சம்மதித்திருந்தால் டீலர் உங்களிடம் 7.5 என்று சொல்லலாம். அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு டீலருக்கு. இப்படிக் கூட்டும் வட்டிக்கு வங்கிகளே 2 சதவீதப் புள்ளி போல ஓர் உச்சவரம்பு வைத்திருக்கும். உங்கள் வங்கியிலோ கிரெடிட் யூனியனிலோ முன்கூட்டியே கடன் ஒப்புதல் வாங்கிக்கொண்டு போனால் இந்த அறையில் பாதி வேலை முடிந்துவிடும்.

“மூணு மாசம் கழிச்சு லோனை அடைச்சிடுங்க” என்று சில விற்பனையாளர்கள் சொல்வதும் இதோடு சம்பந்தப்பட்டது. முதல் சில மாதங்களுக்குள் கடனை அடைத்துவிட்டால் வங்கி தான் கொடுத்த பங்கை டீலரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளும். முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் இல்லை என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அந்த மூன்று மாத வட்டியைச் சுமப்பது உங்கள் கடமை அல்ல. டீலர் மூலம் கடன் வாங்கியதற்காகத் தனித் தள்ளுபடி கொடுத்திருந்தால் மட்டும், சீக்கிரம் அடைத்தால் அதைத் திருப்பித் தரவேண்டும் என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

விலை பேச இடமில்லாத கடைகளில் இந்தக் கணக்கு கிட்டத்தட்ட பொருந்தாது. 1993-ல் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் தொடங்கிய கார்மேக்ஸ் போன்ற இடங்களில் ஸ்டிக்கரில் உள்ளதுதான் விலை. விற்பனையாளருக்கு எந்த வண்டியை விற்றாலும் ஒரே தொகை. விலை உயர்ந்த காரைத் தலையில் கட்ட அவருக்குக் காரணமில்லை. டிப்ஸ் கேள்விக்குப் பதில் அங்கேயும் அதேதான்.

பணத்துக்குப் பதில் எது அவருக்கு உதவும்

நிறையப் பேர் கவனிக்காதது ஒன்று: இரண்டாம் முறை போகும்போது அவர் பெயரைச் சொல்லுங்கள். சனிக்கிழமை ஒருவர் உங்களுக்கு மூன்று வண்டி ஓட்டிக் காட்டியிருப்பார். திங்கட்கிழமை நீங்கள் போகும்போது அவருக்கு விடுமுறை. வாசலில் வரவேற்றவரிடமே காரை வாங்கிவிட்டால், முதலாமவருக்குப் பாதிக் கமிஷன் போகலாம், ஒன்றுமே போகாமலும் இருக்கலாம். அது அந்தக் கடையின் விதி. உள்ளே நுழைந்ததும் “போன தடவை இவர்தான் எங்களுக்குக் காட்டினார், வண்டியை அவர் பெயரிலேயே போடுங்கள்” என்று சொல்வது, எந்த டிப்ஸையும்விட அவருக்குப் பெரிய தொகை. விலை கேட்டு இணையத்தில் படிவம் நிரப்பினாலும் இதே சிக்கல் வரும். அது இணைய விற்பனைப் பிரிவில் வேறொருவர் பெயரில் பதிவாகிவிடும். ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் ஆள் இருந்தால் படிவத்தை விட்டுவிட்டு அவருக்கே நேராகக் குறுஞ்செய்தி அனுப்புங்கள்.

அடுத்தது சர்வே. கார் எடுத்த சில நாட்களிலோ வாரங்களிலோ தயாரிப்பு நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வரும். ஸ்பாம் பெட்டியிலும் பாருங்கள். பத்துக்கு எட்டு என்றால் நல்ல மதிப்பெண் என்றுதான் நாம் நினைப்போம். இந்த சர்வேக்களில் எட்டு பல சமயம் தோல்வி. உச்ச மதிப்பெண்ணை மட்டும் வெற்றியாகக் கணக்கில் எடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன; டீலருக்கு வரவேண்டிய போனஸும் விற்பனையாளருக்கு வரவேண்டிய போனஸும் அதில் மாட்டிக்கொண்டிருக்கும். நல்லெண்ணத்தோடு எட்டு போட்டவரால் அவருடைய அந்த மாத போனஸ் போயிருக்கும்.

அதற்காகப் பொய்யாகப் பத்து போட வேண்டியதில்லை. உண்மையிலேயே குறை இருந்தால் சர்வே வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே மேனேஜரிடம் சொல்லுங்கள். சரிசெய்ய வாய்ப்பு உண்டு. ஃபைனான்ஸ் அறையில் வந்த கோபத்தை விற்பனையாளரைப் பற்றிய கேள்வியில் காட்டாமல், அந்த அறையைப் பற்றிய கேள்வியில் காட்டுங்கள். “மெயிலை எனக்கு அனுப்பிடுங்க, நானே நிரப்பிடறேன்” என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். மதிப்பெண்ணுக்கு ஈடாக இலவச ஆயில் மாற்றம் என்று பேசினாலும் அப்படியே.

கூகுளில் விமர்சனம் எழுதுவதானால் பெயரையும் செய்த காரியத்தையும் எழுதுங்கள். ‘அருமையான சேவை’ என்ற வரி யாருக்கும் பயன்படாது. ‘பழைய காருக்கு முதலில் சொன்ன மதிப்பீடு குறைவு என்று நாங்கள் சொன்னதும், திரும்பப் பார்க்கச் சொல்லி 600 டாலர் கூட்டி வாங்கிக்கொடுத்தார், குழந்தை இருக்கை மூன்று வண்டியிலும் பொருந்துகிறதா என்று தானே மாட்டிப் பார்த்தார்’ என்று எழுதினால் அடுத்து வருபவர் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவார். முழுப்பெயர் வேண்டாம், முதல் பெயர் போதும். அதே இரண்டு வரியைப் பொது மேனேஜருக்கும் மின்னஞ்சலாக அனுப்பலாம். பாராட்டு மின்னஞ்சல் அந்த நாற்காலிக்கு அதிகம் வருவதில்லை.

நண்பரை அனுப்புவதானால், அவர் முதலில் விற்பனையாளரைத் தொலைபேசியில் அழைத்து நேரம் குறித்துக்கொண்டு போகட்டும். வாசலில் வேறு ஆளிடம் மாட்டிக்கொண்டால் பரிந்துரை வீண். அனுப்பியவருக்கு 50, 100 டாலர் கொடுக்கும் டீலர்களும் உண்டு. சில மாநிலங்களில் இதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது, எனவே கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

கொடுத்தே ஆகவேண்டும் என்று தோன்றினால்

எல்லாக் கையெழுத்தும் முடிந்து, சாவி வாங்கிய பிறகுதான். முன்னால் கொடுத்தால் அது பார்வைக்கு லஞ்சம். பணமாக வேண்டாம்: வாடிக்கையாளரிடம் பணம் வாங்குவதைப் பல டீலர்ஷிப்கள் ஊழியர்களுக்குத் தடைசெய்திருக்கின்றன, மடித்துக் கையில் திணித்தால் அவர் மறுக்கவும் முடியாமல் வாங்கவும் முடியாமல் நெளிவார். வாங்கினாலும் அது அவருக்கு வரி கட்டவேண்டிய வருமானம். ஒரு பெட்டி இனிப்போ டோனட்டோ, அவர் பெயருக்கு இல்லாமல் மொத்தக் குழுவுக்கும் என்று கொண்டுபோய் வைத்தால் யாருக்கும் சங்கடமில்லை. கையால் எழுதிய நன்றி அட்டையும் சரி. அவற்றை மேசைத் தடுப்பில் குத்தி வைத்திருக்கும் விற்பனையாளர்கள் உண்டு. அடுத்து வந்து உட்காருபவர் கண்ணில் அதுதான் படும்.

டிப்ஸ் பொருந்துகிற ஆட்களும் இந்த வியாபாரத்தில் இருக்கிறார்கள், அவர்கள் மேசைக்குப் பின்னால் இல்லை. காரை வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு வந்து விட்டுப் போகிறவர், டிரக்கில் ஏற்றி வந்து இறக்குகிறவர், சர்வீஸின்போது உங்களை அலுவலகத்தில் கொண்டுபோய் விடும் ஷட்டில் ஓட்டுநர், பனியில் காரைத் துடைத்து வாசலில் நிறுத்தும் பையன். இவர்களில் பெரும்பாலோருக்குக் கமிஷன் கிடையாது, மணிக் கூலிதான். கட்டாயம் இல்லை, 10, 20 டாலர் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

விற்பனையாளரே பணம் கேட்டால்

அது டிப்ஸ் அல்ல, வேறு விஷயம். தட்டுப்பாடான மாடலுக்கு “லிஸ்ட்ல உங்களை மேல ஏத்தறேன், தனியா ஏதாவது பாத்துக்குங்க” என்று பேச்சு வரலாம். வண்டி யாருக்கு என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் மேனேஜர். காசு வாங்கிய ஆள் அடுத்த மாதம் வேலையில் இருப்பாரா என்பதுகூட உறுதியில்லை. முன்பணம் எதுவானாலும் டீலர்ஷிப்பின் பெயரில் கார்டிலோ காசோலையிலோ மட்டும் கொடுங்கள். ஸெல், வென்மோ போன்ற பணம் அனுப்பும் செயலிகளில் இருக்கும் விற்பனையாளரின் சொந்தக் கணக்குக்கு 100 டாலர்கூட அனுப்பாதீர்கள். ரசீதில் டீலர்ஷிப்பின் பெயர், தேதி, வண்டியின் வின் எண் (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்), வண்டி வராவிட்டால் பணம் திரும்ப வருமா வராதா என்ற வரி, இந்த நான்கும் இருக்க வேண்டும். வின் எண் இன்னும் ஒதுக்கப்படவில்லை என்றால் மாடல், நிறம், ஆர்டர் எண் இவற்றை எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் பணத்தைக் கொடுக்காமல் பொது மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.